கிளியின் காலில் இழை சிக்கியிருக்கிறதா?

‘தறி இருக்கும் வீட்டுக்குள் வந்து விழுந்த பச்சைக்கிளி, ஒரு காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டலாமா?’ என்று கேட்டிருக்கிறார், காஞ்சிபுரம் மாவட்டம், தாமல் வாசகர் ஒருவர்.

கட்டுவதற்கு முன் விரல் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். நெசவு நடக்கும் வீட்டில் பட்டு இழையோ ஜரிகையோ விரலைச் சுற்றி இறுகியிருக்கலாம். வீக்கத்துக்குள் புதைந்த இழை கண்ணுக்கே தெரியாது. ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிட்டால் மீட்க முடியாது. மேலாகத் தெரியும் இழையைச் சிறு கத்தரியால் வெட்டலாம். புதைந்ததை இழுக்கக் கூடாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கூண்டில் வளர்க்கும் லவ் பேர்ட்ஸ்களுக்கும் இதேதான்.

கால் தொங்கினால் எலும்பு முறிவாக இருக்கலாம். ஆட்டுக்குக் கட்டுவதுபோல மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் உள்ள காலும் போய்விடும். பற்று, எண்ணெய், மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். துண்டால் போர்த்திப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 120 கிராம் கிளிக்கு மொத்த ரத்தமே ஏறக்குறைய 12 மில்லிதான்!

காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அங்கு முடியாவிட்டால், சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முறையாகக் கட்டினால், சிறு பறவையின் எலும்பு பெரும்பாலும் 3 வாரங்களில் கூடிவிடும்.

பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தில் மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, கிளியை அவர்களிடமே ஒப்படைத்துவிடலாம்.