பக்கத்து நிறம்

திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத்தில் விசேஷ நாள் என்றால் வாசலில் மாக்கோலம் விழும், ஓரத்தில் காவி இழுப்பார்கள். இரண்டே நிறம்தான். ஈரம் காயக் காய இழை பளிச்சென்று தெரிய வரும். காவி பக்கத்தில் வந்ததும் அந்த வெள்ளை இன்னும் ஒரு படி வெளுக்கும். மாவு அதே மாவுதான், அக்கம்பக்கம்தான் மாறியிருக்கிறது. வரைகலை வடிவமைப்பு படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிறப் பாடத்தை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

இதே விஷயத்தை ஐரோப்பாவில் ஆராய்ந்து எழுதியவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். 1824இல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நீலத்திலும் ஊதாவிலும் நிழலுக்காகச் சேர்க்கும் கறுப்பு எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அந்த நூலை மற்ற கூடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. சேர்ந்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்திருந்தன. 1839இல் வந்த அவருடைய புத்தகம் ஓவியர்கள் பலருக்கு வழிகாட்டியானது.

நெசவாளரிடம் நிறம் கற்க நமக்குப் பாரிஸ் வேண்டியதில்லை. கரமனைப் பாலம் தாண்டி களியக்காவிளைச் சாலையில் போனால் பலராமபுரம். பலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்ற நெசவாளர்கள் வளர்த்த தறித்தொழில் அங்கே உண்டு. குழித்தறியில் நெய்யும் முண்டும் நேரியதும் வெளுக்காத பருத்தியின் நிறத்தில் இருக்கும், கரையில் கசவு என்ற பொன்னிழை. அந்தத் துணியைத் தூய வெள்ளைத் தாள்மேல் வைத்தால் பழுப்பேறியதுபோலத் தெரியும். கரும்பச்சைமேல் வைத்தால் வெள்ளையாகிவிடும், கசவும் துலங்கும். கசவுச் சேலைக்குக் கரும்பச்சையிலோ குங்குமச் சிவப்பிலோ ரவிக்கை எடுக்கும் பெண்களுக்கு இது எந்தப் பாடமும் இல்லாமலே தெரியும்.

ஓணம் வந்தால் ஊரெங்கும் கசவு நிறத்தில் விளம்பரம். திரையில் மின்னும் பொன் அச்சில் கடுகு மஞ்சளாய் இறங்கிவிடுகிறது. நான்கு வண்ண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற மைகளின் புள்ளிகள்தான் உண்டு. உலோகத்தின் பளபளப்பு அவற்றில் கிடையாது. கோல்டு ஃபாயிலுக்கோ மெட்டாலிக் மைக்கோ காசு இருந்தால் சரி. இல்லாவிட்டால் பக்கத்து நிறத்தைத்தான் நம்ப வேண்டும். வெளிர் மஞ்சளை ஒட்டி அடர்ந்த பழுப்பு, சுற்றிலும் ஆழ்ந்த பச்சை. கண் அதைப் பொன் என்று ஒப்புக்கொள்ளும்.

இதைக் கண்ணுக்குப் பழக்கத் தாளும் கத்தரிக்கோலும் போதும். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சிறு துண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்பின் நடுவிலும் மற்றதைப் பச்சையின் நடுவிலும் ஒட்டச் சொல்வேன். சிவப்பில் இருப்பது பச்சை சாய்ந்து தெரியும், பச்சையில் இருப்பது சிவப்பு சாய்ந்து தெரியும். இரண்டும் ஒரே தாள்தான் என்று பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்து, பிறகு அமெரிக்கா சென்ற யோசஃப் ஆல்பர்ஸ் இப்படித்தான் வண்ணத் தாள்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1963இல் வந்த அவருடைய நூல் அந்தப் பயிற்சிகளின் தொகுப்பு.

இன்று மென்பொருளே நிறக் கூட்டணிகளை எடுத்துக் கொடுக்கிறது. எண்ணைத் தட்டினால் நிறம் வருகிறது. அந்த நிறம் எதன் பக்கத்தில், எந்தத் தாளில், எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டியது நம் கண். பச்சைமேல் சிவப்பு எழுத்து போட்ட பலகைகளை நெடுஞ்சாலையில் நிறையப் பார்க்கலாம். கிட்டே போனால் கண் கூசுகிறது, தள்ளி நின்றால் எழுத்தே பிடிபடுவதில்லை. நிறம் வேறாக இருந்தாலும் இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிட்டதே காரணம். கறுப்பு வெள்ளையில் ஒருமுறை மாற்றிப் பார்த்திருந்தால் அச்சுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வடிவமைப்பு கற்பிக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் சில வாரங்கள் கணினியைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் கையில் தாளையும் துணியையும் கொடுங்கள், கோலம் போடுகிறவர்களிடமும் தறிக்காரர்களிடமும் அழைத்துப் போங்கள். கண் தேறிவிட்டால் மென்பொருளை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.