நடுவர் எங்கே நிற்கிறார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே, நேர் எதிரே நின்று பார். இல்லையேல் இடமாறு தோற்றப்பிழை வரும் என்று ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். குறை கண்ணில் இல்லை; நின்ற இடத்தில் இருக்கிறது. கூடைப்பந்துக் களத்திலும் இதுவே உண்மை என்பதைச் சென்ற ஆண்டு பட்டறிந்தேன்.

வகுப்புகளுக்கிடையே நடந்த போட்டி. ஆள் கிடைக்காததால் விசில் என் கைக்கு வந்தது. கடைசி நிமிடம். பந்தைப் பறித்த ஒரு மாணவர் எதிர் வளையத்தை நோக்கிப் பறந்தார். நானோ நடுக்கோட்டருகே நின்றுவிட்டேன். துரத்தியவரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கையைத் தட்டினாரா, பந்தைத் தட்டினாரா? தெரியவில்லை; ஊதவில்லை. விழுந்தவரின் முழங்கையில் இரத்தம். ஒரே புள்ளியில் அவர் அணி தோற்றது. "நீ எங்கடா நின்ன?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

நடுவரை ஓரவஞ்சனைக்காரர் என்று தூற்றுவது எளிது. ஆனால் அதிவேகத் தாக்குதலின்போது நேரும் தவறுகள் பலவற்றுக்கு மனக்கோணல் காரணமல்ல. பார்வைக் கோணமே காரணம் என்பது என் கருத்து.

களத்தின் நீளம் 28 மீட்டர். அதன் இரு முனைகளையும் ஒருவரே எப்படிக் காண்பார்? 1891-இல் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், தாம் எழுதிய 13 விதிகளிலேயே ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என இருவரை வைத்தார். இன்றைய இரு நடுவர் முறையில், பந்து கைமாறிய கணமே பின்னால் நின்றவர் முன் நடுவராகி, ஆட்டத்தை முந்திக்கொண்டு வளையத்தின் பின்னுள்ள எல்லைக்கோட்டை அடைய வேண்டும். மற்றவர் பின் நடுவராகி ஆட்டத்தைத் தொடர்ந்து ஓடிவர வேண்டும். முன்னவர் வளையத்தடி மோதலைப் பார்ப்பார். பின்னவர் எறிந்த பந்தின் போக்கையும் பின்னிருந்து துரத்துபவரின் கையையும் பார்ப்பார். இருவரும் பந்தையே பார்த்தால் ஆளைப் பார்க்க ஆளில்லை! தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும் இடமே நடுவருக்கு உரிய இடம்.

நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோர் சிலர்தாம். அந்தச் சிலர் ஒருவரையொருவர் நம்பி, இடம் அறிந்து நிற்பதால்தான் தேர் முனை திரும்புகிறது. நடுவர் பணியும் அத்தகையதே.

ஆடத் தெரியாதவன்தான் விசில் ஊதுவான் என்று சிலர் கேலி செய்வர். ஆடுபவனுக்குச் சமமாக ஓடாதவன் நடுவராக முடியாது என்பதை அவர்கள் அறியார்.

எனவே ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு இருவர் என நடுவர்களைப் பயிற்றுவிப்போம். வாரத்தில் ஒரு மாலை போதும். விதிகளைத் தமிழில் விளக்கச் சொல்வோம். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களை ஆங்கில விதிப்புத்தகம் மிரட்டுகிறது. விளக்கினால் எங்களுக்கும் விளங்கும்.

நீதி வழங்க நல்ல மனம் மட்டும் போதாது, நண்பர்களே. உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு ஓடிச்சேரக் கால்களும் வேண்டும். நாம் காணாததைக் காண ஒரு துணையும் வேண்டும்.