ஆகாயத்திற்கும் அனுமதிச் சீட்டா?

டிரோன் என்னும் சிறு பறக்கும் இயந்திரத்தை நமது வாசகர்களில் பெரும்பாலோர் கல்யாண வீடுகளிலாவது பார்த்திருப்பார்கள். நான்கு விசிறி, ஒரு பாட்டரி, ஒரு காமிரா, கையில் ஒரு கருவி. இவ்வளவுதான் அதன் சங்கதி. இதில் தேவரகசியம் ஒன்றுமில்லை. சாமான்களைத் தனித்தனியாய் வாங்கி, கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் கைத்திறனும் உள்ள ஒரு பையன் தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து இதைக் கட்டிவிடலாம். கட்டியதைப் பறக்க விடலாமா என்று கேட்கும்போதுதான் தொல்லை ஆரம்பமாகின்றது.

2014-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. விதிகள் ஏற்படும் வரையில் சர்க்கார் அல்லாத எந்த ஸ்தாபனமும், எந்தத் தனி மனிதனும் டிரோனைப் பறக்க விடக்கூடாது என்பது அதன் சாரம். சரி, விதிகள் எப்பொழுது வந்தன? 2018 டிசம்பர் 1-ந் தேதிதான் அமுலுக்கு வந்தன. உலகமெங்கும் இந்தக் கருவி தவழ்ந்து எழுந்து ஓடக் கற்றுக்கொண்ட அந்த நான்கு வருஷமும் நம் நாட்டுப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. வந்த விதியாவது நல்ல விதியா? 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் மூலம் அனுமதி பெற்றாலொழியக் கிளம்பவே முடியாதபடி அதற்குள்ளேயே பூட்டு இருக்க வேண்டும் என்றார்கள். பெரிய கம்பெனி இப்படிப் பூட்டுப் போட்டு விற்கலாம். திண்ணையில் கட்டியவன் என்ன செய்வான் என்று யாராவது யோசித்தார்களா என்று கேட்கின்றோம்.

நிற்க, உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்டு 25-ந் தேதி வந்த விதிகள் முன்னவற்றைவிட எவ்வளவோ மேலானவை. 25 பாரங்கள் 5 ஆயின; 72 வகைக் கட்டணம் 4 வகையாயிற்று; பதிவுக் கட்டணம் 100 ரூபாய் ஆயிற்று. இரண்டு கிலோ வரையில் உள்ளதை லாப நோக்கமில்லாமல் பறக்க விடுகிறவனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி உயரம் வரையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்த விதியிலும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பிழைப்புக்காகச் சான்றிதழ் வேண்டுமென்று வருகிறவன் பாஸ்போர்ட்டு காட்ட வேண்டுமென்று வைத்திருந்தார்கள். சொந்தத் தாலுக்காவில் வயலுக்கு மருந்து தெளிக்கப் போகிறவனுக்குச் சீமைக்குப் போகும் சீட்டு எதற்கு? 2023 செப்டம்பரில்தான் வோட்டர் அட்டையோ, ரேஷன் அட்டையோ போதும் என்று திருத்தினார்கள். விதி எழுதுகிறவர்களின் கண்ணுக்கு எப்படிப்பட்ட மனிதன் தெரிகிறான் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்படி வலது கையால் கொடுத்ததை இடது கை வாங்கிக்கொண்ட கதைதான் இனி வருவது. விதி வந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. 2022 பிப்ரவரி 9-ந் தேதி வெளிநாட்டு டிரோன்களை முழுதாகவோ, பிரித்துக் கொண்டுவந்து பூட்டுவதாகவோ இறக்குமதி செய்யக்கூடாது என்று உத்திரவு போட்டார்கள். ஆராய்ச்சிக்கும், ராணுவத்திற்கும், பாதுகாப்புக்கும் மாத்திரம் அனுமதி பெற்றுக் கொண்டுவரலாம். தனித்தனி உறுப்புகளுக்குத் தடையில்லை. பொழுதுபோக்குக்காரனுக்கு உலகத்தில் மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்தது சீனத்துச் சரக்கு. அந்த வாசலை அடைத்தாயிற்று. உள்நாட்டில் செய்கிறவர்களோ பெரும்பாலும் வயலுக்கும், நில அளவைக்கும், ராணுவத்திற்கும் செய்கிறார்கள். ஆகவே பறக்க உரிமை உண்டு, பறப்பதற்குப் பொருள்தான் இல்லை என்கின்ற நிலைமை ஏற்பட்டது. ரகசியமாய் வாங்குகிறவனோ வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான், யோக்கியன்தான் நின்றுபோனான்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் இரண்டு. ஒன்று பயம். 2021 ஜூன் 27-ந் தேதி ஜம்முவில் விமானப் படைத் தளத்தின்மீது டிரோன் மூலம் வெடிகுண்டு போட்டார்கள். எல்லையில் போதை மருந்தும் ஆயுதமும் இப்படி வருகின்றன. இவையெல்லாம் மெய். விமான நிலையத்தின் அருகிலும், ராணுவத் தளத்தின் மேலும், அயலான் வீட்டு முற்றத்தின் மேலும் எவனும் இஷ்டம்போல் பறக்க விடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் குண்டு போட வருகிறவன் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டா வருகிறான்? கள்ளன் வருவான் என்று ஊரார் வீட்டு ஏணிகளையெல்லாம் பறிமுதல் செய்வது காவலாகுமா?

இரண்டாவது சமாதானம் உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பது. நமக்கும் அதுவே ஆசை. ஆனால் அந்தத் தொழில் எங்கே பிறந்தது என்பதை யோசிக்க வேண்டாமா? மெக்சிகோ நாட்டு டிஹுவானாவில் வளர்ந்த ஜோர்டி முனியோஸ் என்னும் இளைஞர், 2007-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் நிரந்தரமாய்த் தங்கும் அனுமதிக் காகிதத்திற்காகக் காத்துக்கொண்டு, வேலை செய்யவோ படிக்கவோ வழியில்லாமல் வீட்டில் கிடந்தார். பொழுது போகாமல் ஒரு விளையாட்டுக் கருவியின் உறுப்பைக் கழற்றிப் பொம்மை ஹெலிகாப்டரில் வைத்து, அது தானாகவே நிலைத்துப் பறக்கும்படி செய்தார். அதைக் கண்ட கிறிஸ் ஆண்டர்சன் என்பவர் அவரோடு கூட, 2009-ல் இருவரும் கம்பெனி ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட பொழுதுபோக்குக்காரர்கள் பலர் கூடி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட ஆர்டுபைலட் என்னும் ஓட்டும் திட்டத்தை இன்று உலகமெங்கும் எடுத்து ஆள்கிறார்கள். அந்த இளைஞர் நம் நாட்டில் இருந்து 2014-ல் பறக்க விட்டிருந்தால் போலீஸ் ஸ்டேஷனில்தான் நின்றிருப்பார்.

நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள் டிரோன் செய்து வெளிநாடு போய்ப் போட்டியில் நின்றார்கள். சந்தோஷம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்லூரி இருந்தது. அந்த நிழல் இல்லாத கிராமத்துப் பையனைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

மற்ற ஏழை நாடுகளின் கதையும் இதுவேதான். மொராக்கோ 2015-ல் அனுமதியில்லாத இறக்குமதியைத் தடுத்தது. எகிப்து 2017-ல் ஒரு சட்டம் செய்தது. யுத்த மந்திரி இலாகாவின் அனுமதியின்றி டிரோன் வைத்திருந்தாலே ஒன்று முதல் ஏழு வருஷம் வரையில் சிறை! ஆனால் ஆப்பிரிக்காவில் அதைவிட ஏழையான மலாவி நாடு என்ன செய்தது? அதே 2017-ல் கசுங்கு என்னுமிடத்தில் டிரோன்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஆகாயத்தில் இடம் ஒதுக்கிற்று. 2020-ல் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடமும் அந்நாட்டில் ஏற்பட்டது. உலகத்திலேயே ஆகாய நெருக்கடி மிகுந்த அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காரன் ஒரு இலவசப் பரீட்சை எழுதி, எடை 250 கிராமுக்கு மேற்பட்டால் 5 டாலர் கட்டிப் பதிவு செய்துகொள்கிறான்.

இந்நிலையில்தான் நமது சர்க்கார் 2025 செப்டம்பரில் டிரோன்களுக்கென்று ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டது. இதுவரையில் அபராதத்தோடு நின்ற சில குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையும் அதில் காணப்பட்டது. பொது ஜனங்கள் அபிப்பிராயம் சொல்லக் கொடுத்த அவகாசமோ ஏறக்குறைய இரண்டே வாரம். 250 கிராமுக்கு உட்பட்டதையாவது இறக்குமதிக்கு விடுங்கள், தாலுக்காவுக்கு ஒரு மைதானமாவது ஒதுக்குங்கள், பரீட்சையை இலவசமாய்த் தமிழிலும் வையுங்கள் என்று சொல்ல நினைத்த கிராமத்துப் பையனுக்கு, அப்படி ஒரு மசோதா வந்தது என்ற செய்தி எட்டுவதற்குள் அந்தத் தவணை முடிந்துவிட்டது.