அறுபத்து மூவரில் ஒருவன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய போட்டிக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். தங்களுடைய இணையவழிக் கவிதைப் போட்டியில் 41ஆவதாகப் பதிந்தவன் என்றால் உடனே விளங்கும். தங்கள் குழுவிலிருந்து வந்த செய்திகள் எல்லாமே ‘அன்பார்ந்த பங்கேற்பாளர் 41’ என்றுதான் தொடங்கின. நானும் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டேன்.

தங்கள் அறிவிப்பைக் கண்ட மாலை நன்றாக நினைவிருக்கிறது. கொடிக்குக் கவாத்து வெட்டி முடித்த நாள். கத்தரி பிடித்த உள்ளங்கை காந்திக்கொண்டிருக்க, பம்புசெட் திண்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் படிவத்தை நிரப்பினேன். நுழைவுக் கட்டணம் 100 ரூபாய் கூகுள் பேயில் நொடியில் தங்களை வந்தடைந்தது. நூறு கவிஞர்கள் சேர்ந்ததும் நடுவர்கள் வாசிப்பார்கள், பத்தே நாளில் முடிவு, முதல் பரிசு 5,000 ரூபாய், தேர்ந்த கவிதைகள் நூலாக வரும் என்று அருளியிருந்தீர்கள். கூடவே ஒரு நிபந்தனை: முடிவு வரும்வரை கவிதையை வேறெந்த இதழுக்கும் அனுப்பலாகாது, முகநூலிலும் இடலாகாது. நியாயம்தானே என்று ஒப்புக்கொண்டேன். நிச்சயம் செய்த பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

முதல் வாரம் தங்கள் வாட்ஸ்அப் செய்திகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 45, 52, 60. பிறகு 63. அங்கேயே நின்றுவிட்டது. சைவர்களுக்கு அது நிறைவான எண்தான். சேக்கிழார் பெருமான் அத்தனை பேரை வைத்து ஒரு புராணத்தையே பாடி முடித்தார். தங்களுக்குத்தான் இன்னும் 37 பேர் குறைகிறார்கள்.

‘கவிஞர்களின் அன்பு வேண்டுகோளுக்கிணங்க’ கடைசி நாளைத் தாங்கள் நான்கு முறை தள்ளிவைத்தீர்கள். வேண்டியவர் யாரென்று வாட்ஸ்அப் குழுவில் விசாரித்துப் பார்த்தோம். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. நான்காம் முறை, ஆளுக்கு ஒரு கவிஞரை அழைத்துவரும்படி பணித்தீர்கள். தங்கள் சொல்லைத் தட்ட மனமில்லாமல் பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் போய்க் கேட்டேன். “எனக்குக் கவிதையெல்லாம் எழுத வராதேண்ணே” என்றார். அது அவசியமில்லை, நூறு ரூபாய் இருந்தால் போதும் என்று நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆள் சேரக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல, ஐயா. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்பும் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். “இன்னும் ரெண்டே பேருதான்” என்று டிரைவர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். வெயில் ஏறியும் ஆள் வரவில்லையென்றால் அவரே வந்து, “இன்னைக்கு வண்டி போகாது, எறங்கி பஸ்ஸப் பிடிங்க” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை மாதமாகத் தங்கள் திருவாயிலிருந்து எதிர்பார்க்கிறேன். ரயிலுக்கும் காத்திருந்தவர்கள்தான் நாங்கள். மதுரை–போடி ரயிலை 2010 முடிவில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் மறுபடி வந்தது. ஆனால் நடுவே உசிலம்பட்டிவரை சோதனை ஓட்டம், ஆண்டிபட்டிவரை சோதனை ஓட்டம் என்று சேதி வரும். வேலைவெட்டியை விட்டுவிட்டுப் போய் எஞ்சினுக்குக் கையசைத்துவிட்டு வந்தோம். தங்கள் போட்டியில் கையசைக்க ஓர் எஞ்சினும் வரவில்லை.

தருமியின் கதையைத் தங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும், ஆனாலும் பொறுத்தருள்க. ஆயிரம் பொன் என்று அறிவித்த பாண்டியன், நூறு புலவர் சேரட்டும் என்று கிழியை இழுத்து முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. வந்த பாட்டை வந்த அன்றே அவையில் படிக்க வைத்தான். நக்கீரர் குற்றம் கண்டார். இன்ன இடத்தில் இன்ன பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தருமி புலம்பினான்தான், ஆனால் காரணம் தெரிந்து புலம்பினான். எங்கள் 63 பேருக்கும் பொற்கிழிகூட வேண்டாம். ஒரு நக்கீரரை அனுப்பியிருக்கலாம்.

என் கவிதை, ஜூன் முதல் தேதி பெரியாற்று அணையில் தண்ணீர் திறப்பதைப் பற்றியது. அணையில் நீர் இருந்தால் அன்றைக்குத் திறப்பார்கள். கீழே 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான் இருக்கிறது. வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வரும். சிறுபிள்ளைகள் அதற்கு முன்னே பின்னோக்கி நடந்து வருவார்கள். அதை எழுதியிருந்தேன். ஜூன் இதழுக்கு ஒரு சிற்றிதழ் அதையே கேட்டது. தங்கள் நிபந்தனையை எண்ணி, இல்லையென்று சொல்லிவிட்டேன். ஜூன் போய்விட்டது.

பன்னீர் திராட்சை கவாத்திலிருந்து ஏறத்தாழ 120 நாளில் அறுவடைக்கு வரும். அந்த மாலை வெட்டிய கொடி துளிர்த்து, பூத்து, காய்த்து, கறுத்து, லாரி ஏறியாயிற்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம்தான். என்றாலும் வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, மழையில் வெடித்த நாலு மணியைக் காட்டி, என் கண்ணெதிரேயே விலையைக் குறைத்தார். வயிறு எரிந்தது, ஆனாலும் பழத்தைப் பார்த்துவிட்டுக் குறைத்தார். கவிதையைப் பார்க்கவே ஆளில்லை. மறு கவாத்தும் வெட்டி முடித்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் 63 பேரின் 6,300 ரூபாய் தங்களிடம் பத்திரமாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முதல் பரிசு 5,000 போகக் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஆக, கணக்கு இடிக்கவில்லை. எது இடிக்கிறதென்று தாங்கள்தான் விளக்க வேண்டும். ‘போட்டி நடக்கவில்லை, அவரவர் கவிதையை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி போட்டாலும் போதும். அதற்கு நடுவரும் தேவையில்லை, நூறு பேரும் தேவையில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நெடுநாள் கழித்து வந்ததால் ஆவலோடு திறந்தேன். புதிய போட்டியாம்; இம்முறை 200 கவிஞர்கள். பழைய பங்கேற்பாளர்களுக்குக் கட்டணத்தில் 10 ரூபாய் சலுகையும் உண்டாம்.

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
41
சுருளிப்பட்டி