பழைய வண்டியும் புதிய டயரும்

பழம்பொருளைப் பேணுதல் நற்குணமே என்பதை யாமும் ஒப்புவோம். பாட்டனார் ஏறிச் சென்ற மோட்டார் சைக்கிளை மூலையினின்றும் வெளிக்கொணர்ந்து, துரு நீக்கி, எண்ணெயிட்டு, அதன் பழைய முழக்கத்தை மீண்டும் எழச்செய்யும் இளைஞர் நம் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் உளர். அதனை மலைவழியிலும் கல்வழியிலும் செலுத்த விழைவோரும் அவருட் சிலர். அவர்தம் ஆர்வத்தைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும் அவரிடையே வழங்கும் ஒரு கொள்கை தவறானது மட்டுமன்று, அபாயமானதும் ஆகும் என்பது எமது துணிபு. வண்டியோடு வந்த டயரே வண்டிக்கு உரியது, அதனை மாற்றின் அதன் உண்மைத்தன்மை கெட்டுவிடும் என்பதே அக்கொள்கை.

ராயல் என்ஃபீல்டு புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் தோன்றிய இவ்வண்டி 1955ஆம் ஆண்டில் சென்னையோடு உறவு பூண்டதாகலின் நம்மவர்க்குப் புதியதன்று. எனினும் அது கரடுமுரடான வழிகளிற் புகழெய்தியதைப் பலர் அறியார். 1948ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுச் சான் ரெமோவில் நிகழ்ந்த சர்வதேச ஆறுநாட் பரீட்சையில் அது தன் வலிமையைக் காட்டிற்று. ஜானி பிரிட்டன் என்பார் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் ஸ்காத்லாந்தின் ஆறுநாட் பரீட்சையில் ராயல் என்ஃபீல்டில் ஏறியே முதன்மை பெற்றார். இது வேகப் பந்தயமன்று. பாறையிலும் சேற்றிலும் ஓடைப் படுகையிலும் நிலத்திற் காலூன்றாது ஏறிச்செல்லும் திறமையே இங்கு அளக்கப்படுவது. சாலைப் புல்லட்டுக்கு இரு சக்கரமும் 19 அங்குலம். பரீட்சை வண்டிக்கோ முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரத்தில் 4 அங்குலப் பருமனுள்ள டயர். பெரிய முன்சக்கரம் கல்லையும் குழியையும் எளிதிற் கடக்கும்; பருத்த பின்டயர் நிலத்தைப் பற்றி உந்தும். அவ்வீரர் எவரும் தம் பாட்டனார் காலத்து ரப்பரோடு மலையேறினாரல்லர் என்பதை நம் இளைஞர் நினைவுகூர வேண்டுகிறோம்.

ரப்பர் இரும்பைப் போன்றதன்று. இரும்பின் துருவைச் சுரண்டி நீக்கலாம். ரப்பரோ வெயிலாலும் வெப்பத்தாலும் காற்றாலும் உள்ளூர இறுகிப் பிசுக்கற்றுப் போகும். வண்டி ஓடாது நின்றாலும் இது நிற்பதில்லை. யாம் அறிந்த அன்பர் ஒருவர் தம் வண்டியின் பழைய டயரில் ஆழமான பற்கள் தேயாதிருப்பதைக் காட்டிப் பெருமை கொள்வார். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், நனைந்த பாறையொன்றின்மேல், நடைவேகத்திலேயே பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிவிட்டது. தோளெலும்பு முறிந்து மூன்று மாதம் கிடந்தார். மொட்டை டயரென்றால் அவரே அஞ்சியிருப்பார். பற்களுள்ள டயராதலின் நம்பிவிட்டார். ஆகவே பல்லைப் பார்க்குமுன் பக்கச்சுவரைப் பார்க்கவேண்டும். அங்கு மயிரிழை போன்ற வெடிப்புகள் உளவா என ஆராய்க. அங்கேயே நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். எண்கள் மூன்றே எனின் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. மேற்கொண்டு ஆராய வேண்டுவதில்லை, கழற்றிவிடுக.

இனி எத்தகைய புதிய டயர் என்பது வினா. இளைஞரின் கண் முதலிற் செல்வது உயர்ந்த கட்டைகள் இடைவிட்டு நிற்கும் டயரின்மேல். கடைக்காரர் இதனைப் பட்டன் டயர் என்பர். தோற்றத்தில் வீரம் மிக்கதே. ஆழ்ந்த சேற்றிலும் இளகிய மண்ணிலும் அதற்கு இணையில்லை, கட்டைகளிடையே புகுந்த சேற்றை அது உதறித் தள்ளும். ஆனால் தார்ச்சாலையில் அதன் கட்டைகள் வளைந்து நெளியும். திருப்பங்களில் வண்டி தள்ளாடும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் மிகும். மலையடிவாரம் சேருமுன் நாற்பது மைல் சாலையிற் செல்வோர் அதனை வாங்குதல் கண்ணுக்காக வாங்குதலேயன்றிக் காலுக்காக அன்று. பரீட்சை வண்டிக்குரிய டயரில் கட்டைகள் தாழ்ந்தும் நெருங்கியும் இருக்கும், ரப்பரும் மென்மையானது. அது பாறையின் மேடுபள்ளங்களைத் தழுவிக்கொள்ளும். பழைய புல்லட்டில் மலைவழி செல்வோர்க்கு அவ்வடிவமே ஏற்றதென்பது எம் முடிபு. அதன் பக்கங்கள் மெல்லியவாதலின் நெடுஞ்சாலையில் விரைதற்கு மட்டும் ஆகாது. விரைய விரும்புவோர் இரு நிலத்திற்கும் பொதுவானதைத் தேடுக.

காற்றளவும் தேர்வின் ஒரு பகுதியே. பரீட்சைக் களத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஐந்தாறு ராத்தல் காற்றோடு செல்வர். சாலைக்கு அதனினும் மும்மடங்கு நான்மடங்கு வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் ரிம்மின்மீது நழுவும், உள்ளிருக்கும் டியூபையும் உடனிழுத்து வால்வை அடியோடு அறுத்துவிடும். இதனைத் தடுக்க ரிம்மில் ஒரு பிடிப்பாணி உண்டு; அது டயரின் ஓரத்தை ரிம்மோடு இறுகப் பற்றும். டயருக்குப் பெரும்பணம் செலவிட்டு இச்சிற்றாணியை மறப்போரே பலர்!

பருமன் மிகுந்தால் பலம் மிகும் என்றெண்ணுவோர்க்கு ஒரு சொல். பழைய ரிம் குறுகியது. அளவுக்கு மீறிய டயரை அதிற் புகுத்தின் அதன் வடிவம் கெடும், சங்கிலியிலோ மட்கார்டிலோ உராயவும் கூடும்.

கண்காட்சிகளில் பழைய டயருக்கென்றே மதிப்பளிப்போரும் உளர் என்பதை அறிவோம். வண்டி ஊர்தியின்மேல் ஏற்றப்பட்டு வந்து, ஊர்தியின்மேலேயே திரும்புமாயின் எமக்கு ஆட்சேபமில்லை. பழந்துருத்தியில் வார்த்த புதுத் திராட்சரசம் என்னும் உவமையை வேதபாட வகுப்பிற் கேட்ட நம் மாணவர், பழைய வண்டிக்குப் புதிய டயர் எங்ஙனம் பொருந்தும் என எம்மைக் குறும்பாக வினவலாம். துருத்தி வெடிப்பது பழந்தோல் இறுகிவிட்டமையாலன்றோ? இறுகிய டயரின் கதையும் அதுவே. பழைய டயரைக் கழற்றிச் சீட்டொன்று கட்டி, கொட்டிற் சுவரில் வெயில் படாத இடத்தில் மாட்டுக. புதியதைப் பூட்டியவர், வழவழப்பு நீங்கும்வரை, முதல் அறுபது மைலுக்குப் பையச் செல்க.