பெட்ரோல் விலை ஏறியும் 'கார்பன் சட்டம் இருக்கட்டும்' என்ற மக்கள்... வாஷிங்டனில் நடந்தது என்ன?

"இந்தச் சட்டத்தால் பெட்ரோல் விலை ஏறுது. தூக்கிடலாமா?" அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மக்கள் முன் 2024 நவம்பரில் வந்த கேள்வி கிட்டத்தட்ட இதுதான். அதிபர் தேர்தலோடு சேர்ந்து நடந்த வாக்கெடுப்பில், சுமார் 62 சதவீதம் பேர் 'தூக்க வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார்கள்.

இது தலைநகர் வாஷிங்டன் இல்லை. சியாட்டில் நகரம் இருக்கும் மேற்குக் கரை மாநிலம்.

அது என்ன சட்டம்?

2021-ல் நிறைவேறி, 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் கார்பன் வெளியிடும் நிறுவனங்கள் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்கணும். சில துறைகளுக்கு இலவசச் சீட்டு உண்டு. மற்றவர்கள் அரசு ஏலத்தில் வாங்கணும். சீட்டுகளின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்துகொண்டே வரும். 2050-க்குள் கார்பன் வெளியீட்டை 1990-ல் இருந்ததைவிட 95 சதவீதம் குறைப்பதுதான் இலக்கு.

எதிர்ப்பு ஏன்?

சீட்டு வாங்கும் செலவு கடைசியில் பெட்ரோல் பங்க்கில் மக்கள் தலையில்தான் விழும். 2023 ஜூனில் பெட்ரோல் விலையில் கலிபோர்னியாவையே வாஷிங்டன் முந்தியது. 'இது மறைமுக வரி' என்று சொல்லி, தொழிலதிபர் பிரையன் ஹேவுட் தரப்பு கையெழுத்து திரட்டி இந்த வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது.

அப்புறம் ஏன் காப்பாத்தினாங்க?

இங்கேதான் சுவாரஸ்யம். 2016, 2018 என இரண்டு முறை கார்பன் வரி, கட்டணத் திட்டங்கள் ஓட்டுக்கு வந்தபோது இதே மாநிலம் இரண்டையும் நிராகரித்தது.

அப்போது திட்டம் காகிதத்தில் இருந்தது, செலவு மட்டுமே கண்ணில் பட்டது. 2024-ல் நிலைமை வேறு. ஏலத்தில் 200 கோடி டாலருக்கு மேல் வந்திருந்தது. 18 வயது வரை இலவச பஸ் பயணத்துக்கும் இந்தச் சட்டத்தின் பணம் உதவியது. குறைந்த வருமானக் குடும்பங்களின் கரண்ட் பில்லில் 200 டாலர் கழிக்கப்பட்டது. 'தேர்தல் நேரத்து சலுகை' என்ற விமர்சனமும் எழுந்தது.

சட்டத்தை நீக்கினால் போக்குவரத்து, சுத்தமான காற்று போன்றவற்றுக்கான நிதி குறையும் என்ற குறிப்பு வாக்குச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட், அமேசான் மட்டுமல்ல, எண்ணெய் நிறுவனமான பிபி-யும் சட்டத்தைக் காக்கும் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தது.

அதற்காக மக்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. அதே நாளில், இயற்கை எரிவாயு பயன்பாட்டைப் பாதுகாக்கும் இன்னொரு தீர்மானத்தை குறைந்த வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்ததும் இவர்கள்தான்.

வர்ஜீனியாவில் வேறு கதை

வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் இதேபோன்ற கார்பன் ஏலக் கூட்டமைப்பிலிருந்து வர்ஜீனியா 2023 இறுதியில் வெளியேறியது. அங்கே மக்களிடம் ஓட்டு கேட்கவில்லை. ஆளுநர் கிளென் யங்கின் தரப்பு விதிமாற்றம் மூலம் வெளியேற்றியது. அது சட்டப்படி செல்லாது என்று 2024 நவம்பரில் ஒரு நீதிமன்றம் கூறியது.

என்ன புரியுது?

விலை உயர்வு ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தெரியும். ஆனால் அந்தப் பணம் எங்கே போகுது என்பதை யாராவது காட்டினால்தான் தெரியும். வாஷிங்டனில் அது ஓரளவு தெரிந்தது, சட்டம் பிழைத்தது. நாளைக்கு அந்தக் கணக்கு மக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனால், இதே 62 சதவீதம் மறுபடி கிடைக்கும் என்று யாரும் நம்பி உட்கார முடியாது.