ஏரி, மூடுபனி, நம் கவிஞர்கள்

மலைக்குப் போய்த் திரும்பும் தமிழ்க் கவிஞன் மூன்று கவிதைகளாவது எழுதாமல் விடுவதில்லை. மூடுபனி பற்றி ஒன்று. ஏரியில் தனியாக மிதக்கும் படகு பற்றி ஒன்று. பைன் மரங்களுக்கு நடுவே தனக்குச் சித்தித்த மௌனம் பற்றி ஒன்று. முப்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் இவற்றைப் படித்துவருகிறேன். கவிஞர்களின் பெயர்களை இடம் மாற்றி அச்சடித்தாலும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. போகட்டும். இவற்றை இயற்கைக் கவிதை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்களே, என் ஆட்சேபணை அதில்தான்.

நம்மவர்களின் மௌனம் பெரும்பாலும் உற்பத்தியாகும் கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கவிஞனுக்கு யுகயுகமாய்ச் சலனமற்றுக் கிடப்பதாகத் தோன்றும் ஏரி, மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரைபோட்டு உண்டாக்கியது. கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட பாதை. பிரையண்ட் பூங்கா 1908-ல் ஒரு வன அதிகாரி திட்டம்போட்டு அமைத்தது. பைன் தோப்பும் வனத்துறை நட்டதுதான். மலையின் சொந்த உருவம் வேறு: மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல்வெளி. பெய்த மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொடுத்தவை இவை இரண்டும். தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் மரக்கூழுக்குமாக ஆஸ்திரேலியாவின் வாட்டிலையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து அந்தப் புல்வெளியின் மேல் நட்டார்கள். ஆகக் கவிஞன் தியானித்துக்கொண்டிருப்பது ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தனின் ஓய்வு ஏற்பாட்டை.

கவிதை என்ன பூகோள பாடமா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் நம்மிடம் குறிஞ்சித் திணை என்று ஒன்று இருந்தது. அங்கே மலை வெறும் மனநிலைக்குத் திரைச்சீலையாகத் தொங்கவில்லை. தினைப்புனம் காக்கிறவள், தேன் எடுக்கிறவன், யானை, வேங்கை மரம் எல்லாரும் எல்லாமும் பேரோடும் வேலையோடும் இருந்தார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வைத்தார். அவருக்கும் காதல்தான் விஷயம். நம் நவீனனுக்குப் பூ என்றால் பூ, மரம் என்றால் மரம், பளியர் என்று ஒரு ஜனம் அந்த மலையில் இருப்பதே தெரியாது. தன்னைத் தவிர வேறு யாரும் இல்லாத மலையைத்தான் அவனால் எழுத முடிகிறது.

இந்த அறியாமை நிரபராதமானதும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து பாம்பார் சோலைக்கு மேலே நிறுத்தினார்கள். பிற்பாடு அது இந்துஸ்தான் லீவருடையதாயிற்று. 2001-ல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது அம்பலமாகி ஆலை மூடப்பட்டது. ஏரியில் பாதரசம் கலந்திருப்பதை 2006-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். 2016-ல், பதினைந்து வருஷம் கழித்து, 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. இவ்வளவு காலமும் நான் படித்த கவிதைகளில் அந்த ஏரியின் மேல் படகு மிதந்துகொண்டேதான் இருந்தது. விஷயத்தை உலகத்தின் காதில் போட்டது 2015-ல் சென்னைப் பெண் ஸோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு, அதுவும் இங்கிலீஷில். அது கவிதையா என்று விவாதிக்க நம்மவர்கள் தயார். அதில் பாதரசம் இருந்தது, நம் கவிதையில் பனி இருந்தது என்பது மட்டும் விவாதத்துக்கு வராது.

எனக்கு இதில் என்ன இவ்வளவு கோபம் என்றால், நான் ஆரணிக்காரன். பார்க்க வருகிறவர்களின் ரசனை எங்கள் ஊருக்கும் வருகிறது. தெருவில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் தறிச் சத்தத்தைச் சங்கீதம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது சங்கீதமில்லை. இந்தச் சேலையை எத்தனை நாளில் இறக்கலாம், கூலி கடனுக்குப் போக என்ன மிஞ்சும் என்ற கணக்கு. ஜக்கார்டு அட்டை எதற்கு, பாவு எது, ஊடை எது என்று ஒருவரும் கேட்டதில்லை. பட்டு எடுக்க வரும் கிராமத்துக் கிழவி முந்தானையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அந்தக் கிழவியின் புத்திகூட நம் விமர்சகர்களுக்கு இல்லை. மேல்பக்கத்து மினுமினுப்பைக் கண்டவுடன் முன்னுரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நானும் போன வருஷம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் கொடைக்கானலில் இருந்தேன். பனி இருந்தது. அழகாகவே இருந்தது, மறுக்கவில்லை. அதே பனிக்குள் வாடகைக் குதிரையை இழுத்துக்கொண்டு ஒரு பையன் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மன்னவனூர்ப் பக்கம் பைன்களுக்கு அடியில் புல் முளைக்கவில்லை. பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய சரிவில் பெண்கள் குனிந்தபடி பூண்டு வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவையெல்லாம் அரை ஃபர்லாங் நடந்தால் கண்ணில் படுகிறவை. இவற்றைத் தவிர்த்துவிட்டு மௌனத்தை மட்டும் கண்டுபிடிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் நாம் நவீனத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. இனி 2030-ல் பூக்கும். அதற்கும் கவிதைகள் வரும். அதற்குள் அந்த மலையில் எது முளைத்தது, எது நட்டது என்றாவது தெரிந்துகொள்ளட்டும்.